பழைய கண்ணாடி மீன் தொட்டி: செப்பனிடுவது லாபமா?

குட்டையிலும் கிணற்றிலும் மீன் வளர்ப்பதோடு, அழகு மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து விற்பதும் குடியானவர்களுக்கு ஏற்ற உபதொழிலாகும். கொசுப் புழுக்களைத் தின்னும் கம்பூசியா, கப்பி முதலிய மீன்களைக் கிணறுகளில் விடுமுன் சில நாள் வைத்துக் காக்கவேண்டிய அவசியம் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் நேரிடுகிறது. இவ்விரு காரியங்களுக்கும் கண்ணாடித் தொட்டி மிக உதவியானது; மீன் முட்டையிடுவதையும், நோயின் முதல் அறிகுறியையும் அதில் கண்ணாரக் காணலாம். புதிய தொட்டியின் விலைக்குத் தயங்குவோர் பழையதை நாடுகின்றனர். அது சேதமுற்றதாயின், செப்பனிடுவதா, விலக்குவதா என்பதே கேள்வி.

சென்னைவாசிகளுக்கு மீன் தொட்டி புதிய பொருளன்று. 1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலை, யுத்தத்தின் காரணமாக 1942-இல் மூடப்படும் வரை ஜனங்களைக் கவர்ந்து வந்தது. அக்காலத்தில் வீட்டுத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை மக்கு வைத்துப் பதித்துச் செய்யப்பட்டன. 1960-க்குப் பின் சிலிக்கோன் பசை வழக்கத்துக்கு வந்தது. சட்டமின்றிக் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் முறை பரவியது. இன்று அழகு மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் விற்கும் தொட்டிகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

நீரின் பளு

சேதத்தை மதிப்பிடுமுன் தொட்டி தாங்கவேண்டிய பாரத்தை அறிதல் நலம். மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 190 லிட்டர் நீர் கொள்ளும். அதன் எடை 190 கிலோ. முன்பக்கக் கண்ணாடியின் மேல் மட்டும் சுமார் 95 கிலோ பளு இடைவிடாமல் அழுத்தும். நீரின் உயரம் இரட்டித்தால் இவ்வழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே, உயர்ந்த தொட்டியில் காணும் சிறு குறையும் பெருங்குறையே.

சேதத்தின் வகைகள்

மூட்டில் மட்டும் கசிவு இருந்து, ஐந்து கண்ணாடிகளும் குறையற்றிருப்பின், தாராளமாகச் செப்பனிடலாம். மேல்விளிம்பு சிறிது மூளியாயிருப்பதனாலும் தீங்கில்லை. அரத்தாளால் தேய்த்துக் கூர்மையை நீக்கினால் போதும். பக்கக் கண்ணாடியில் விரிசல் கண்டால் அந்தக் கண்ணாடியையே மாற்றவேண்டும். விரிசலின் மேல் பசை பூசுவது கண்துடைப்பேயாகும், ஏனெனில் அழுத்தத்தால் விரிசல் நாளடைவில் நீளும். புதிய கண்ணாடியின் கனம் பழையதற்குக் குறையலாகாது. அடிக்கண்ணாடி விரிந்த தொட்டியை இனாமாகக் கொடுத்தாலும் நீர் நிரப்புவதற்கென்று ஏற்காமலிருப்பதே உசிதம்.

நொச்சிக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் கண்ணாடியினும் முதலில் பரிசோதிக்க வேண்டியது தொட்டி நிற்கும் இரும்பு மேடையே. உப்புக்காற்று வர்ணத்தின் உட்புறத்தே துருவை வளர்க்கும். காலின் அடியையும் பற்றவைத்த இடங்களையும் சுரண்டிப் பார்க்க, இரும்பு ஏடு ஏடாகப் பெயருமாயின் அம்மேடையை நீக்கிச் செங்கல் மேடை கட்டுவது நலம். மேடை சாய்ந்தால் நல்ல தொட்டியும் விரியும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேலே தெர்மாகோல் தகடு பரப்பியே தொட்டியை ஏற்றவேண்டும்.

செப்பனிடும் முறை

புதிய சிலிக்கோன் பழைய சிலிக்கோனின் மேல் சரிவர ஒட்டாது. ஒழுகும் இடத்தில் மாத்திரம் தடவுவோர் மீண்டும் மீண்டும் நஷ்டமடைவது இதனாலேயே. உட்புற மூட்டுகள் அனைத்திலும் பழைய பசையை பிளேடால் முழுதும் வழித்து, ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் ஒரே மூச்சில் புதுப்பசை இடவேண்டும். கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள பசையே இற்றுப்போயிருந்தால் தொட்டியைப் பிரித்து மீண்டும் ஒட்டுவதன்றி வேறு வழியில்லை. பூஞ்சணம் பிடிக்காதிருக்க மருந்து சேர்த்த, குளியலறைக்கான பசை மீன்களுக்கு விஷமாகும். மீன் தொட்டிக்கென விற்பதையே வாங்குக. இப்பசை காற்றிலுள்ள ஈரத்தால் உறைவது. ஆதலால் இரும்புக்குப் பகையான கடற்காற்று இதற்குத் துணையாகிறது. எனினும் புளித்த காடி நெடி அறவே நீங்கும் வரை, ஒரு வாரமேனும், நீர் விடலாகாது.

பரீட்சை

தொட்டியை வீட்டுக்கு வெளியே சமதளத்தில் உலர்ந்த காகிதத்தின் மேல் வைத்து, முதல் நாள் கால் பங்கும், மறுநாள் அரைப் பங்கும், பின்னர் முழுதும் நிரப்புக. நீர்மட்டத்தைக் குறித்து, அருகில் ஒரு வாளியிலும் நீர் வைக்கவும். இரண்டிலும் நீர் ஒரே அளவில் குறைந்தால் அது வெயிலால் ஆவியானது. தொட்டியில் மட்டும் அதிகம் குறைந்தால் கசிவு உள்ளது என்று அறியலாம். ஒரு வாரம் காகிதம் நனையாதிருந்தால் தொட்டி தேறியது. நீருடன் தொட்டியை ஒருபோதும் நகர்த்தலாகாது.

கணக்கு

பழைய தொட்டியின் விலை, கண்ணாடி, பசை, மேடை, கூலி, வண்டிச் சத்தம் யாவற்றையும் கூட்டி, அதே அளவுள்ள புதிய தொட்டியின் விலையோடு ஒப்பிடுக. தொகை பாதிக்கு மேற்பட்டால் புதியதே சிக்கனம். தொட்டி உடைந்தால் ஏற்படும் நஷ்டம் மீனோடு நிற்பதில்லை. காற்றுக்குழாய்க் கருவிக்கு வரும் மின்சாரக் கம்பியும் தரையில் நிறைந்த நீரும் சேருமிடத்தில் உயிருக்கே ஆபத்து உண்டு. குழந்தைகள் புழங்கும் அறையில் சந்தேகமுள்ள தொட்டிக்கு இடமே கொடுக்கலாகாது.

விலக்கிய தொட்டியும் வீணன்று. கீழே மணல் பரப்பிக் கத்தரி, மிளகாய் விதைகளை முளைக்க வைக்கவும், அணிலும் கோழியும் அண்டாமல் நாற்றைக் காக்கவும் அது உதவும். நீரைத் தாங்காத கண்ணாடிக்கு அதுவே தக்க வேலை.