புதுப் பெட்டியும் பழைய பெருக்கியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பௌதிகம் பயிலும் நான், செகந்திராபாத்தில் இருக்கும் என் மாமாவின் காரில் அதை மெய்ப்பித்தேன். மன்றத்து அன்பர்கள் அதே பிழையைச் செய்யாதிருக்க அதனை இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் பழைய காரில் ஸ்டீரியோ பழுதாகிவிட்டது. கோட்டியில் குஜராத்தி கல்லிக்குச் சென்று புதியது ஒன்று வாங்கினோம். "வண்டியோடு வந்த ஆம்ப்ளிபயரைக் கழற்றி எறிந்துவிடுங்கள்" என்றார் கடைக்காரர். மாமா ஓய்வூதியக்காரர், நல்ல நிலையில் உள்ள பொருளை எறிய மனம் வரவில்லை. "நானே இணைத்துத் தருகிறேன்" என்றேன்.

ஆம்ப்ளிபயரை இங்கே பெருக்கி என்போம். பல கார்களில் அது ஸ்டீரியோவுக்குள்ளேயே அடங்கியிருக்கும். சில கார்களில் இருக்கைக்கு அடியிலோ, பின்பெட்டியிலோ தனியே இருக்கும். ஸ்டீரியோ சிறிய மின்குறியை அனுப்பும். பெருக்கி அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கர்களை இயக்கும். இவ்விரண்டையும் இணைக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, பெருக்கியை எழுப்புவது யார்? அதற்கு மின்சாரம் பாட்டரியிலிருந்தே நேராக வருகிறது. ஆயினும் அது உறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டீரியோ ஒரு மெல்லிய கம்பியில் 12 வோல்ட் அனுப்பினால்தான் விழிக்கும். புது ஸ்டீரியோக்களில் இது பெரும்பாலும் வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பி. அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் இக்கட்டளை எண்முறைச் செய்தியாகச் செல்கிறது; சிலவற்றில் பாட்டே ஒளியிழை வழியே செல்கிறது. அவற்றுக்குக் கம்பியை முறுக்கினால் போதாது. அந்தக் காருக்கென்றே அமைந்த இடைக்கருவி வேண்டும்.

நான் இங்கேதான் தவறினேன். அவசரத்தில் அந்தக் கம்பியை, எப்போதும் பாட்டரியோடு இணைந்திருக்கும் மஞ்சள் கம்பியில் சேர்த்துவிட்டேன். பாட்டு அருமையாகக் கேட்டது. பிறகு மூன்று நாள் கார் வெளியே போகவில்லை. நான்காம் நாள் காலை, அத்தையைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டால், வண்டி முனகக்கூட இல்லை. ஆட்டோ பிடித்துப் போனோம். அத்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனை. பாட்டரிக்கு மின்னேற்றிய பிறகு அளந்து பார்த்தேன். பாட்டில்லாதபோதும் பெருக்கி 0.8 ஆம்பியர் இழுத்தது. 72 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 57.6 ஆம்பியர்-மணி. பாட்டரியின் கொள்ளளவோ 45!

இரண்டாவது, எவ்வளவு உரக்கப் பேசுவது? ஸ்டீரியோ அட்டையில் 50 வாட் என்றிருக்கும். அது கண நேர உச்சம். தொடர்ந்து தருவது ஏறத்தாழ 20 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அது சுமார் 9 வோல்ட். 2 வோல்ட் எதிர்பார்க்கும் பெருக்கிக்கு 9 வோல்ட் கொடுத்தால், அலையின் தலை வெட்டுப்பட்டுப் பாட்டு கரகரக்கும். தெலுங்கறியாத நான் ஐதராபாத்துக்கு வந்த புதிதில் ஆட்டோக்காரரிடம் தமிழிலேயே கத்திப் பார்த்தேன். கத்துவதால் பொருள் விளங்கிவிடுமா? ஆகவே, ஸ்டீரியோவின் பின்புறமுள்ள சிறுகுறி வாயிலையோ, அழுத்தத்தைக் குறைக்கும் மாற்றியையோ பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, தரை எது? பல பெருக்கிகள் இரு கம்பிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டையே கேட்கின்றன. அவ்விரண்டில் எதுவும் காரின் உடலைத் தொடுவதில்லை. சிறுகுறி வாயிலின் வெளியுறையோ தரையோடு இணைந்தது. இரு கருவிகளின் தரைகளும் சற்றே வேறுபட்டால், என்ஜின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளைச் சத்தம் பாட்டில் கலக்கும். சிறு மின்மாற்றி பொருந்திய தனிப்படுத்தி இதைப் போக்கும். ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் கம்பிகளையும் காரின் உடலில் சேர்த்துவிடாதீர்கள்; ஸ்டீரியோவே கருகிவிடலாம்.

அப்படியானால் கடைக்காரர் சொன்னபடி எறிந்துவிடலாமே எனலாம். பெருக்கியோடு வரும் ஸ்பீக்கர்கள் சில 2 ஓம் கொண்டவை. 4 ஓமுக்கென அமைந்த ஸ்டீரியோவில் அவற்றை நேராக இணைத்தால் அது சூடேறித் தவிக்கும்.

கம்பியை உரிய இடத்துக்கு மாற்றிவிட்டு, "இப்போது பாட்டு இன்னும் தெளிவாக இருக்கும் மாமா" என்றேன்.

"பாட்டு இருக்கட்டும் மாப்பிள்ளை, காலையில் வண்டி கிளம்புமா?" என்றார் அவர்.

அடுத்த முறை அத்தை மருத்துவமனைக்குக் காரிலேயே போனார்.