ஆணி காணா மரக்கலங்கள்

சீனர் இரும்பாணி அறைந்து மரக்கலம் கட்டினர். அரபுக் கடலோடிகளோ தென்னை நார்க்கயிற்றை நம்பினர். 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், செங்கடல் துறையான ஐதாபில் ஆணியே இல்லாத கலங்களைக் கண்டார். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சுறா நெய் பூசியிருந்தனர். பாறைகள் மலிந்த அக்கடலில் மரம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டுமே! காந்தமலை ஆணிகளைப் பிடுங்கிவிடும் என்பதெல்லாம் வெறும் கதை. பின்னாளில் இப்னு பதூதாவும் இதையே சொன்னார்: பாறையில் மோதினால் ஆணிக்கலம் உடையும், தைத்த கலம் தாங்கும். கலத்தைவிட, அளவுக்கு மீறி ஹாஜிகளை ஏற்றிய உரிமையாளர்களின் பேராசையையே இப்னு ஜுபைர் கடிந்தார். 1980இல் ஓமானிலிருந்து புறப்பட்டு மறு ஆண்டு சீனத்தின் கான்டனை அடைந்த ‘சொஹார்’ கப்பலும் தைத்ததே. தைத்தவர்களுள் லட்சத்தீவுக் கைவினைஞரும் இருந்தனர்.