சிங்கப்பூருக்கு 7 மணி நேரம், துபாய்க்கு 3 மணி நேரமா? டிக்கெட்டைச் சரியாகப் படிப்பது எப்படி?

திருச்சியிலிருந்து இரவு 10 மணிக்கு இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் டிக்கெட்டில் இறங்கும் நேரம் அதிகாலை 4.45. துபாய் டிக்கெட்டில் நள்ளிரவு 12.45. "அப்போ துபாய்தான் பக்கமா?" என்று கேட்கத் தோன்றும்.

இல்லை. திருச்சியிலிருந்து இரண்டு ஊருமே கிட்டத்தட்ட 3,000 கி.மீ. தூரம்தான். குமராட்சி, சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று கிழக்கே, இன்னொன்று மேற்கே, ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கிறது. பயண நேரமும் இரண்டுக்கும் சுமார் நாலேகால் மணி நேரம்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இரண்டுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். சிங்கப்பூரில் இரவு 10 மணிக்கு ஏறினால், அதே நாள் இரவு 11.45க்குத் திருச்சியில் இறங்கிவிடலாம். துபாயில் 10 மணிக்கு ஏறினால், இங்கே மறுநாள் அதிகாலை 3.45 ஆகிவிடும்.

3,000 கி.மீ.க்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஏன்?

உயரத்துக்குப் போன பிறகு விமானம் மணிக்கு 850 கி.மீ. அளவில் பறக்கும். அந்தக் கணக்குப்படி மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, மெல்ல இறங்குவது எல்லாமே டிக்கெட் நேரத்தில் அடங்கும். இணையத்தில் காட்டும் தூரம் உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். நிஜத்தில் வான்வழித் தடங்களைப் பொறுத்து விமானம் கொஞ்சம் சுற்றித்தான் போகும். காற்று எதிரே அடித்தால் நேரம் கூடும், பின்னால் தள்ளினால் குறையும்.

பலர் ஏமாறுவது தேதியில்

டிக்கெட்டில் '15ஆம் தேதி, 00.40' என்று இருக்கிறது. "15ஆம் தேதி ராத்திரிதானே" என்று நினைத்து அன்று சாயங்காலம் பெட்டி கட்டினால், விமானம் போய் ஏறக்குறைய முழு நாள் ஆகியிருக்கும். 00.40 என்றால் 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 40 நிமிடம். தவறவிட்ட டிக்கெட்டின் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. வேலையில் சேரும் நாளும் தள்ளிப்போகும்.

அதனால் பின்னாலிருந்து கணக்கு போடுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக, அதாவது 14ஆம் தேதி இரவு 9.40க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குமராட்சியிலிருந்து திருச்சி சுமார் 150 கி.மீ. சாலைக்கு நாலு மணி நேரம் ஒதுக்கினால், 14ஆம் தேதி மாலை ஐந்தரைக்கே வண்டி ஏறியாக வேண்டும். சென்னையில் விமானம் என்றால் சாலைத் தூரமே 200 கி.மீ.க்கு மேல், இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

டிக்கெட் கையில் வந்ததுமே வீட்டுக் காலண்டரில் விமானத்தின் தேதியைக் குறிக்காமல், வீட்டைவிட்டுக் கிளம்பும் தேதியையும் நேரத்தையும் குறித்துவிடுங்கள். கூட்டிப்போக வருகிறவருக்கும் அதையே சொல்லுங்கள்.