எடை முள் ஏன் நகர மறுக்கிறது?

உடல் எடையைக் குறைக்க முனைந்த ஒருவரை உங்கள் வீட்டிலோ தெருவிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாலைப் பலகாரத்தை அவர் நிறுத்திவிடுகிறார். இரவில் மூன்று தோசைக்குப் பதில் இரண்டோடு எழுந்துவிடுகிறார். விடியும் முன்பே நடக்கக் கிளம்புகிறார். முதல் மாதம் எடை மளமளவென்று இறங்குகிறது. அடுத்த மாதங்களிலும் இறங்குகிறது, ஆனால் மெதுவாக. ஆறேழு மாதங்கள் ஆனதும் எடை பார்க்கும் கருவியின் முள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தோசை இரண்டுதான், நடையும் விடவில்லை. இருந்தும் எடை இறங்கவில்லை!

அப்போது இரண்டு விதமான பேச்சுகள் எழுகின்றன. "யாருக்கும் தெரியாமல் தின்கிறார்" என்பது சுற்றியிருப்போர் பேச்சு. "என் உடம்பு வாகு அப்படி, பச்சைத் தண்ணீர் குடித்தாலும் பருக்கும்" என்பது அவருடைய பேச்சு. முன்னது ஒரு மனிதரின் நேர்மையைச் சந்தேகிக்கிறது. பின்னது ஆற்றல் அழிவின்மை விதியையே சந்தேகிக்கிறது! இரண்டுமே சரியல்ல. ஏன் என்பதை இயற்பியலின் துணைகொண்டு காண்போம்.

பெட்டிக்குள் ஒரு மனிதர்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று வகுப்பில் படிக்கிறோம். இது உயிருள்ள உடலுக்கும் பொருந்துமா? 1890-களில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்ற வேதியியல் அறிஞரும் ரோசா என்ற இயற்பியல் அறிஞரும் இதைச் சோதித்தனர். ஓர் ஆள் படுக்கவும் உட்காரவும் போதுமான சிறிய அறை ஒன்றை அமைத்தார்கள். வெப்பம் வெளியே கசியாதபடி அதன் சுவர்கள் அமைந்திருந்தன. அறைக்குள் ஓடிய குழாய் நீர், மனிதரின் உடலிலிருந்து வந்த வெப்பத்தை எடுத்துச் சென்றது. நீரின் அளவையும் அதன் வெப்பநிலை உயர்வையும் கொண்டு வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். நம் ஆய்வுக்கூடத்துக் கலோரிமானிக்குள் மனிதரையே உட்கார வைத்ததுபோல என்று கொள்ளுங்கள். பல நாள் அளந்து பார்த்ததில், உணவின் வழியே பெற்ற ஆற்றலும் உடல் செலவிட்ட ஆற்றலும் ஒரு சதவீத வேறுபாடுகூட இல்லாமல் ஒத்துப்போயின. ஆகவே பச்சைத் தண்ணீரால் எவரும் பருப்பதில்லை.

இங்கே ஒரு குறிப்பு. உணவைப் பற்றிப் பேசும்போது 'கலோரி' என்று சொல்லப்படுவது உண்மையில் கிலோகலோரியாகும். அதாவது ஏறத்தாழ 4,200 ஜூல். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி செலவிடும் ஒருவரின் திறன் எவ்வளவு? நீங்களே வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 97 வாட் வரும். அந்தக்கால 100 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிவதற்குச் சமம்! இதில் பெரும்பங்கு நாம் சும்மா படுத்திருக்கும்போதும் செலவாகிறது. இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எதற்கும் விடுமுறை கிடையாதல்லவா?

ஏழாண்டில் மறையும் மனிதர்

மனித உடலின் கொழுப்புத் திசு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி சேமிப்பாக உள்ளது. இதைக் கொண்டு 1958-இல் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்கைச் சொன்னார். வரவைவிடச் செலவு 7,700 கிலோகலோரி கூடினால் ஒரு கிலோ குறையும் என்பதே அது. பல்லாண்டுகளாக எடைக் குறைப்பு அறிவுரைகள் இதையே பின்பற்றி வந்தன.

80 கிலோ எடையுள்ள ஒருவர் தம் உணவில் நாள்தோறும் 240 கிலோகலோரியைக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் குறையும் எடை, 240 × 365 ÷ 7,700. அதாவது 11 கிலோவுக்கு மேல். இரண்டாண்டில் 22 கிலோவுக்கு மேல். இப்படியே ஏழாண்டு சென்றால்? ஏறத்தாழ 80 கிலோவும் தீர்ந்து ஆளே மறைந்துவிடுவார்! கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்பது தெளிவு. எடை குறைந்த பிறகும் உடலின் அன்றாடச் செலவு முன்போலவே இருக்கும் என்று எண்ணியதுதான் அந்தப் பிழை.

ஓட்டைக் குடம் சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை. பழைய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இடுங்கள். அதைக் குழாயடியில் வைத்து நீரைத் திறந்துவிடுங்கள். நீர்மட்டம் உயர உயர அழுத்தம் கூடும். துளை வழியே நீர் வேகமாக வெளியேறும். உள்ளே வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமானவுடன் மட்டம் நிலையாக நிற்கும். இப்போது குழாயைச் சற்றே மூடுங்கள். மட்டம் முதலில் விரைவாக இறங்கும். பிறகு மெதுவாக இறங்கும். பிறகு புதியதோர் இடத்தில் நின்றுவிடும். குழாயை நீங்கள் மறுபடி தொடவே இல்லை. ஆயினும் இறக்கம் நின்றுவிட்டது. மட்டம் தாழ்ந்ததால் வெளியேற்றமும் குறைந்து, வரவோடு மீண்டும் சமமாகிவிட்டது.

நீர்மட்டம் என்பது எடை. குழாய் நீர் என்பது உணவு. துளை வழியே போவது உடலின் ஆற்றல் செலவு. 80 கிலோ உடலைச் சுமந்து நடந்தவர் 70 கிலோவுக்கு வந்துவிட்டால், அதே தூர நடைக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஆற்றல் குறைவாகவே செலவாகும். சிறுத்த உடலைப் பேணும் செலவும் குறைவு.

இயற்பியல் படித்து உடலியல் ஆய்வுக்கு வந்த கெவின் ஹால் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2011-இல் இதற்குத் திருத்தமான கணக்கை வெளியிட்டனர். பருத்த உடலுள்ள வயதுவந்த ஒருவர் நாள்தோறும் குறைக்கும் ஒவ்வொரு 100 கிலோஜூலுக்கும் (ஏறத்தாழ 24 கிலோகலோரி) முடிவில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டு ஆகும். 95 சதவீதம் குறைய மூன்றாண்டு ஆகும். நம் 80 கிலோ மனிதருக்கு முதல் ஆண்டில் 5 கிலோ, மூன்றாண்டில் ஒன்பதரை கிலோ குறையும். பின்னர் ஏறத்தாழ 70 கிலோவில் நின்றுவிடும். அவர் மறையமாட்டார்!

துளையும் சுருங்குகிறது

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இல்லாத ஒரு குணம் உடலுக்கு உண்டு. எடை குறைந்தால் அது தன் துளையையே சற்றுச் சுருக்கிக்கொள்கிறது. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்துத் தாமாக முன்வந்த இளைஞர்கள் அவர்கள். பட்டினியால் நலிந்த மக்களை மீட்பது எப்படி என்று அறிவதே நோக்கம். 24 வாரம் அரைப்பட்டினி. வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலோ ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது! உடல் சிறுத்தது இதற்குப் பெரும் காரணம். ஆனால் எஞ்சியிருந்த திசுக்களும் முன்னைவிடச் சிக்கனமாக இயங்கின. நாடித்துடிப்பு தளர்ந்தது. கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது. உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போயிற்று.

பட்டினி கிடக்காதவர்களிடமும் சிறிய அளவில் இவ்வாறே நிகழ்கிறது. 1995-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தனர். எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களின் அன்றாடச் செலவு, கொழுப்பல்லாத உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சராசரியாக 6 முதல் 8 கிலோகலோரி வரை குறைந்திருந்தது. பஞ்சம் வந்தால் பிழைத்திருக்க நம் முன்னோருக்கு உதவிய குணம் இது. எடை குறைப்பது நாமாக விரும்பிச் செய்வதா, பஞ்சத்தால் நேர்வதா என்பது உடலுக்குத் தெரியாது.

குழாயைத் திறக்கும் கை

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். ஹாலின் கணக்குப்படி எடை நிலைபெற மூன்றாண்டு ஆக வேண்டுமே! பலருக்கு ஆறேழு மாதங்களிலேயே நின்றுவிடுவது ஏன்?

இதற்கு விடை தந்தது 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. சர்க்கரை நோய்க்கான ஒரு மருந்து, குளுக்கோசைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. அதை உட்கொண்டவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 360 கிலோகலோரியைத் தம்மை அறியாமலே இழந்தார்கள். பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு துளை இட்டதுபோல! எடை குறைந்தது, பிறகு நின்றது. ஏனென்றால் அவர்கள் சிறிது சிறிதாக அதிகம் உண்ணத் தொடங்கியிருந்தார்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் உடலின் செலவு 20 முதல் 30 கிலோகலோரி வரை குறைகிறது. பசியோ ஏறத்தாழ 100 கிலோகலோரி அளவுக்குக் கூடுகிறது என்று கணக்கிட்டனர். பசியின் இழுப்பு மூன்று மடங்குக்கு மேல் வலியது! கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் 1994-இல் கண்டறியப்பட்டது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் 'பற்றாக்குறை' என்று பொருள்கொண்டு பசியைத் தூண்டுகிறது.

அப்படியானால் 'தெரியாமல் தின்கிறார்' என்றது சரிதானோ? அவருக்கே தெரியாமல் என்று சொன்னால் ஓரளவு சரி. 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. 1,200 கிலோகலோரிக்குள் உண்டும் எடை குறையவில்லை என்று கூறிய பத்துப் பேரை அளந்தார்கள். அதற்கு அவர்கள் கையாண்ட வழி சுவையானது. கன ஹைட்ரஜனும் கன ஆக்ஸிஜனும் கலந்த நீரைக் குடிக்கச் செய்வார்கள். கன ஹைட்ரஜன் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்ஸிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டிலிருந்து உடல் எவ்வளவு எரித்தது என்பது தெரிந்துவிடும். முடிவு என்ன? அவர்களின் உடல் இயக்கம் சாதாரணமாகவே இருந்தது. உண்ட உணவைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தாளிக்கும் எண்ணெயையும், குழந்தை மிச்சம் வைத்த கவளத்தையும், இரண்டாவது காப்பியின் சர்க்கரையையும் எவரால் நினைவில் வைத்திருக்க முடியும்? கூடிய பசி அவர் கையைப் பிடித்து மெல்லக் குழாயைத் திறக்கிறது.

முள்ளை மீண்டும் நகர்த்துவது எப்படி?

முதலில், எடை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். உண்ட உணவு, குடித்த நீர், உப்பு ஆகியவற்றால் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோ, இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து வாரச் சராசரியை வரைபடத்தாளில் குறித்தால் போக்கு தெரியும். முதல் வார வேகத்தோடு ஒப்பிடவும் கூடாது. அப்போது குறைவதில் பெரும்பகுதி நீர். உடலில் சேமித்த கிளைகோஜன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். கிளைகோஜன் செலவானால் அந்த நீரும் போய்விடும். வியர்க்க வியர்க்கக் கம்பளி சுற்றி ஓடுவதாலும் நீர்தான் போகிறது. கொழுப்பு வேறு வழியில் வெளியேறுகிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் போகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது.

நான்கு வாரச் சராசரியும் அசையவில்லை என்றால், உண்பதை ஒரு வாரம் உடனுக்குடன் எழுதிப் பார்க்கலாம். எண்ணெயைத் தேக்கரண்டியால் அளக்க வேண்டும். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 40 கிலோகலோரி உண்டு. இன்னும் 5 கிலோ குறைய நாளுக்கு 120 கிலோகலோரி, அதாவது மூன்று தேக்கரண்டி எண்ணெயின் அளவு, குறைந்தால் போதும். ஆனால் அது நிரந்தரமாகக் குறைய வேண்டும்.

மூன்றாவதாக, தசையைக் காக்க வேண்டும். நடையோடு தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் போன்ற பயிற்சிகளையும், பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவையும் சேர்த்துக்கொண்டால் தசை இழப்பு குறையும். நான்காவதாக, பசியோடு மல்லுக்கு நிற்காமல் அதைத் தணிக்க வேண்டும். காய், கீரை, முழுப்பயறு ஆகியவை குறைந்த ஆற்றலில் வயிற்றை நிரப்பும். தூக்கம் கெட்டால் பசி கூடும். எல்லாம் சரியாக இருந்தும் எடை ஏறினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் சில மருந்துகளும்கூடக் காரணமாகலாம்.

முள் நின்றுவிட்டதே என்று முயற்சியைக் கைவிடுவதுதான் பெரிய இழப்பு. 5 முதல் 10 சதவீத எடைக் குறைவே இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் சீராக்கத் துணைபுரியும். கிடைத்த புதிய மட்டத்தைக் கூடிய பசிக்கு எதிராகத் தக்கவைப்பதும் வெற்றியே.

உங்களுக்கு ஒரு சொல்

இவை யாவும் வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கான கணக்குகள். உங்கள் உடல் இன்னும் எலும்பும் தசையும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பட்டினி கிடப்பதும், காலை உணவைக் கைவிடுவதும், விளம்பரங்களைப் பார்த்து மாத்திரை தின்பதும் உங்களுக்கு வேண்டா. உங்கள் எடையைப் பற்றிக் கவலை இருந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். மாலையில் மைதானத்தில் ஓடி விளையாடுங்கள்.

வகுப்பில் பருத்த உடலுடைய ஒரு நண்பர் இருந்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள், செய்வோரையும் தடுங்கள். குழாயைச் சற்றே மூடியவர் எவ்வளவு வலிய பசியை எதிர்த்து நிற்கிறார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியுமல்லவா? வீட்டில் ஒருவரின் எடை முள் நின்றுவிட்டால், இந்த ஓட்டைப் பாட்டில் சோதனையை அவருக்குச் செய்து காட்டுங்கள்.