வேதனத்துடன் கலாநிதி ஆய்வு

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவை ஆங்கில வரைபடங்கள் இன்றும் டெல்ஃப்ட் என்றே குறிக்கின்றன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரை அத்தீவுக்கு இட்டுச் சென்றனர். பெயர் தந்த நகரம் நெதர்லாந்தில், ஹேக் நகருக்கும் றொட்டர்டாம் துறைமுகத்துக்கும் இடையே உள்ளது. 1842-ஆம் ஆண்டில் அரசர் இரண்டாம் வில்லியம் அங்கு நிறுவிய கல்விக்கூடமே இன்று டெல்ஃப்ட் தொழினுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கின்றது. கைத்தொழிற் பொருள்களின் வடிவமைப்பைக் கற்பிக்கும் பிரிவு அங்கே 1969-இல் தொடங்கியது. மொறட்டுவையிலும் பேராதனையிலும் கிளிநொச்சியிலும் பொறியியல் கற்று வெளியேறி, கலாநிதிப் பட்டத்துக்காகப் பிறநாடுகளை நோக்கும் இளைஞருட் சிலருடைய கண் இந்நகரத்திலும் படுவதுண்டு.

அவ்வாறு நோக்குவோர் முதலில் உளங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இலங்கையிற் ‘புலமைப்பரிசில்’ என்ற சொல்லைக் கேட்டவுடன், ஐந்தாம் வகுப்புப் பரீட்சை நினைவுக்கு வர, கூடிய புள்ளி பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசு என்ற எண்ணமே எழுகின்றது. நெதர்லாந்திலோ, கலாநிதி ஆய்வு செய்பவருட் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் ஊழியராவர். பல்கலைக்கழக ஊழியர் அனைவருக்கும் பொதுவான கூட்டு ஒப்பந்தத்தின்படி அவர்களுக்கு மாத வேதனம் உண்டு. அது ஆண்டுதோறும் உயர்ந்து செல்லும். ஆண்டு வேதனத்தில் நூற்றுக்கு 8 வீதம் விடுமுறைப் படியாகவும், 8.3 வீதம் ஆண்டிறுதிப் படியாகவும் சேரும். வரியும் கழிக்கப்படும், ஓய்வூதியத்துக்கும் ஒரு பங்கு செல்லும். ஆகவே அங்கு அனுப்பப்படுவது ஒரு வேலைக்கான விண்ணப்பமே. இதை உணராது, பரிசு கேட்பவரைப்போல எழுதுவதனாலேயே திறமை மிக்க பலருடைய கடிதங்கள் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கப்படுகின்றன.

அந்த வேலை எங்ஙனம் தோன்றுகிறது என்பதை அறிந்தால் மற்றவை தாமே விளங்கும். பேராசிரியர் ஒருவர் தம் கேள்வியொன்றை விரிவான திட்டமாக எழுதி, அந்நாட்டு ஆராய்ச்சிப் பேரவைக்கோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ சமர்ப்பிக்கின்றார். சிலவேளை தொழிற்றாபனமொன்றும் பணம் தருவதுண்டு. திட்டம் போட்டியில் வென்றால், இன்ன கேள்வியை, இத்தனை ஆண்டுகளில், இன்னாருடன் சேர்ந்து ஆராயவேண்டும் என்ற நிபந்தனையுடனேயே பணம் வந்து சேரும். அதன் பின்னரே வெற்றிடம் விளம்பரமாகின்றது. பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலும், நெதர்லாந்துக்குரிய ‘அக்கடமிக் ட்ரான்ஸ்ஃபர்’, ஐரோப்பா முழுமைக்குமுரிய ‘யூராக்சஸ்’ ஆகிய தளங்களிலும் அதனைக் காணலாம். கேள்வி முன்னரே விலைபேசி வாங்கப்பட்டுவிட்ட இடத்தில், தாமே புனைந்த வேறோர் ஆய்வுத் திட்டத்தை அனுப்புவது, குடை தேடி வந்தவருக்குக் கூடை விற்கப்போன கதையாகும். ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நல்ல விண்ணப்பம் எவ்வாறிருக்கும் என்பதற்குக் கற்பனையான எடுத்துக்காட்டொன்றைக் கொள்வோம். வீட்டு மின்சாதனங்களை எளிதிற் பழுதுபார்க்கத்தக்க வகையில் வடிவமைப்பது எப்படி என்பது ஒரு வெற்றிடத்தின் பொருள் என்க. இத்தகைய கேள்விக்கு ஐரோப்பாவிற் பணம் கிடைப்பதற்குக் காரணமும் உண்டு. பொருள்களைப் பழுதுபார்ப்பதற்குப் பாவனையாளருக்குள்ள உரிமை பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே இயற்றியுள்ளது. இவ்வெற்றிடத்துக்கு இருவர் எழுதுகின்றனர். ஒருவர், சிறு வயது தொட்டே இயந்திரங்களில் தமக்கிருந்த ஆர்வத்தையும், வகுப்பிற் பெற்ற நிலையையும், அப்பல்கலைக்கழகத்தின் உலகப் புகழையும் ஒரு பக்கம் நிரப்பி எழுதுகின்றார். அதில் எதுவும் பொய்யன்று. எனினும் அக்கடிதத்தை எந்த வெற்றிடத்துக்கும் அனுப்பலாம்.

மற்றவர் தமது இறுதியாண்டு ஆய்வைப் பற்றி எழுதுகின்றார். திருத்துநர் ஒருவருடைய கடையிலிருந்து பழுதான மேசை மின்விசிறிகளைப் பெற்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததாகவும், அவற்றுட் சிலவற்றில் மோட்டாரின் கம்பிச்சுருளுக்குள்ளே கட்டிவைத்த சிறிய வெப்ப உருகி ஒன்றே அறுந்திருந்ததாகவும் கூறுகின்றார். அந்த உருகி, மோட்டார் அளவுமீறிச் சூடானால் மின்னோட்டத்தைத் துண்டித்துத் தீப்பற்றாமற் காப்பதற்காக வைக்கப்பட்டது. அதை மாற்றுவதற்குச் சுருளின் கட்டைப் பிரிக்கவேண்டும். ஆகவே திருத்துநர் உருகியை விட்டுவிட்டுக் கம்பியை நேரே இணைத்துவிடுகின்றார். விசிறி மறுபடியும் சுழல்கின்றது, காவல் நீங்கிவிட்டது. பாதுகாப்புக்காக மறைத்துவைத்த உறுப்பே பழுதுபார்ப்பினால் ஆபத்தாக மாறும் இந்நிலையை வடிவமைப்பினால் தவிர்க்கலாகுமா என்று கேட்டு, அதற்குத் தாம் செய்த சிறு முயற்சியையும், அது எங்கே பிழைத்தது என்பதையும் நாலைந்து வரிகளிற் சொல்லி முடிக்கின்றார். இவருடைய புள்ளிகள் முன்னவருடையவற்றிலும் குறைவாயிருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டு வேதனத்தை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று சிந்திக்கும் பேராசிரியருக்கு இரண்டாவது கடிதமே சான்று தருகின்றது.

வடிவமைப்புத் துறையில் விண்ணப்பிப்போருக்கு மற்றொரு தடுமாற்றம் நேர்வதுண்டு. அழகும் பயனும் மிக்க பொருளொன்றைச் செய்து காட்டினாற் கலாநிதிப் பட்டத்துக்குப் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். இலண்டன் அரச கலைக் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்தோபர் பிரேலிங் என்பார் 1993-இல் எழுதிய கட்டுரையொன்றில், கலையையும் வடிவமைப்பையும் பற்றிய ஆய்வு, அவற்றின் வழியாகச் செய்யும் ஆய்வு, அவற்றுக்காகச் செய்யும் ஆய்வு என மூன்றைப் பிரித்துக் காட்டினார். இவற்றுள் இரண்டாவதே பெருவிவாதத்துக்கு இடமளித்தது. பொருளைச் செய்யும் செயலே அறிவைத் தேடும் கருவியாகலாம். ஆயினும் செய்த பொருளோடு ஆய்வு முடிந்துவிடாது. பிறர் எடுத்தாளத்தக்க அறிவு அதிலிருந்து பிறக்கவேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில், திருந்திய விசிறியொன்று தொழிற்சாலைக்குப் போதும். காவலுறுப்புகளை எத்தகைய இடத்தில் வைத்தாற் பழுதுபார்ப்போர் அவற்றை அகற்றாதிருப்பர் என்பதே ஆய்வேட்டுக்குரியது. ஆதலின், விண்ணப்பத்துடன் அனுப்பும் படைப்புத் தொகுப்பில் முடிந்த பொருளின் அழகிய படங்களை மட்டும் நிரப்பாமல், கைவிடப்பட்ட மாதிரிகளையும் அவை கைவிடப்பட்ட காரணத்தையும் சேர்ப்பது நன்று.

நற்சான்று தருபவரைத் தெரிவதிலும் இலங்கையிற் பதவிப் பெருமையே பெரிதாகப் பார்க்கப்படுகின்றது. பீடாதிபதியின் கையொப்பம் கனமானதுதான். எனினும் மாணவரின் பெயரையன்றி வேறெதையும் அறியாத பீடாதிபதி எழுதும் பொதுப்படையான புகழுரையிலும், ஆய்வுகூடத்தில் அவரோடு ஆறு மாதம் நின்ற இளம் விரிவுரையாளர் எழுதும் அரைப்பக்கமே மேலானது.

தெரிவுசெய்யப்பட்ட சிலர் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவர். அது பெரும்பாலும் காணொளி மூலம் நடைபெறும். முன்னர் செய்த ஆய்வைச் சுருக்கமாக எடுத்துரைக்கும்படி கேட்பர். இறுதியில், “உங்களுக்குக் கேட்க ஏதேனும் உண்டா?” என்று வினவுவது அவர்கள் வழக்கம். பெரியவர்களை எதிர்க்கேள்வி கேட்பது அடக்கமின்மை என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, “இல்லை, ஐயா” என்று சொல்லி நிறுத்திவிடும். அங்கே அது அக்கறையின்மையாகவே கொள்ளப்படும். கேட்க வேண்டியவையோ பல. மேற்பார்வையாளர் வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்? அவரிடம் தொடங்கியவர்களில் எத்தனை பேர் பட்டத்துடன் வெளியேறினர்? எத்தனை ஆண்டு பிடித்தது? இப்போது அவரிடம் ஆய்வு செய்பவர் ஒருவருடன் தனியே பேச முடியுமா? நான்கு ஆண்டுக்காலம் ஒருவருடைய மேற்பார்வையில் அடங்கப்போகின்றவர் இவற்றைக் கேளாதிருப்பது பேதைமை.

ஏனெனில் ஒப்பந்தம் முதலிலேயே நான்கு ஆண்டுக்கும் எழுதப்படுவது அரிது. வழக்கமாக ஓராண்டுக்கோ ஒன்றரை ஆண்டுக்கோ எழுதி, முதல் ஆண்டின் முடிவை ஒட்டி மதிப்பீடொன்று நடத்துவர். தொடரலாம் என்று தீர்ப்பானால் எஞ்சிய காலத்துக்கு ஒப்பந்தம் நீளும். இல்லையேல் வேலை முடியும். வதிவிட அனுமதியும் அவ்வேலையையே பற்றி நிற்பதால், வேலை போயின் அந்நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டங்காணும். வேதனம் தனியொருவருக்குப் போதுமானது. மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல எண்ணுவோர், நெதர்லாந்தின் பல்கலைக்கழக நகரங்களில் வீட்டு வாடகை ஏறியிருப்பதையும், வீடு கிடைப்பதே அரிதாயிருப்பதையும் முன்கூட்டியே கணக்கிடல் வேண்டும். வேறிடத்திற் பெற்ற புலமைப்பரிசிலுடன் அங்கு செல்வோர் ஊழியராகக் கருதப்படாமலும் போகலாம். அப்படியானால் மேலே கூறிய படிகளும் ஓய்வூதியப் பங்கும் அவர்களுக்குச் சேரா.

சுவீடனிலும் ஏறத்தாழ இதே முறைதான். நான்கு ஆண்டு ஆய்வு. அதனோடு ஐந்தில் ஒரு பங்கு நேரம் வரை கற்பித்தல் முதலிய கடமைகளைச் செய்தால் ஐந்து ஆண்டாக நீளும். படிப்புக் கட்டணம் எவருக்கும் இல்லை. அரச நிறுவனங்களின் ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்ற பழைய வழக்கம் அந்நாட்டில் உள்ளபடியால், ஒருவர் அனுப்பிய விண்ணப்பத்தை மற்றவர் கேட்டுப் பார்க்கவும் கூடும்! ஐக்கிய அமெரிக்காவின் முறை வேறு. அங்கே வெற்றிடத்துக்கன்றித் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல துறைகளில் முடிவுத் திகதி டிசெம்பர் மாதத்தில் வரும். கட்டண விலக்கும் உபகாரச் சம்பளமும் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் என்ற கடமைக்கு ஈடாகக் கிடைக்கும். இளமாணிப் பட்டத்தோடு நேரே கலாநிதி ஆய்வில் நுழைய அங்கு இடமுண்டு. நெதர்லாந்தில் முதுமாணிப் பட்டத்தையே பொதுவாக எதிர்பார்ப்பர்.

பிரித்தானியாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அங்கே அனுமதி வேறு, பணம் வேறு. அரச ஆராய்ச்சிப் பேரவைகளின் புலமைப்பரிசில்கள் 2021 முதல் பிறநாட்டவருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. எனினும் அவர்களுக்குரிய பங்கு பொதுவாக நூற்றுக்கு 30 என வரையறுக்கப்பட்டது. பல்கலைக்கழகம் அனுப்பும் அனுமதிக் கடிதத்தைக் கண்டு மகிழும் குடும்பம், கட்டணத்தை யார் செலுத்துவார் என்ற வரி அதில் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். அவ்வரி இல்லையேல், பிறநாட்டு மாணவருக்குரிய உயர்ந்த கட்டணத்தைக் குடும்பமே சுமக்கவேண்டி வரும். 2022-இல், மார்ச் தொடக்கத்துக்கும் மே மாதத்துக்கும் இடையில், ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்று விலை 360 ரூபா வரை ஏறியது. காணியை விற்றுப் பிள்ளையை அனுப்பியிருந்த பெற்றோருக்கு, மீதிக் கட்டணம் ஒரே பருவத்தில் முக்காற் பங்களவு கூடிப்போயிற்று. வேதனத்துடன் ஆய்வு செய்பவரை அந்த இடி தாக்கவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளராயிருந்து விடுமுறை பெற்றுச் செல்வோருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. திரும்பிவந்து குறித்த காலம் பணியாற்றுவதாக அவர்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பர். அதற்குப் பிணையாளரும் கையொப்பமிடுவர். சென்றவர் திரும்பாவிடின், பணத்தைக் கட்டும் பொறுப்பு இங்கேயிருக்கும் பிணையாளர் தலையில் விழும்.

வெற்றிடங்கள் ஆண்டின் எம்மாதத்திலும் தோன்றலாம். மூன்று நான்கு வாரங்களில் மூடப்படுவனவும் உண்டு. பட்டச் சான்றிதழையும் புள்ளிப் பட்டியலையும் ஆங்கிலப் பரீட்சைச் சான்றையும் விளம்பரம் கண்டபின் தேடத் தொடங்கினாற் காலம் போதாது. முடிவு நாளின் நள்ளிரவு என்று குறித்திருப்பின், அது பெரும்பாலும் அந்நாட்டு நள்ளிரவாகும். நெதர்லாந்தின் நேரம் இலங்கை நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணியும், குளிர்காலத்தில் நாலரை மணியும் பிந்தியது.