வாசிப்பு வரிசை (தொடர் புதினங்கள்)

வாசிப்பு வரிசை என்பது, ஒரே கதையுலகில் அமைந்த பல நூல்களை எந்த ஒழுங்கில் படிப்பது என்பதைக் குறிக்கும். ஒரு தொடரின் நூல்கள் அனைத்தும் கதை நிகழும் காலத்தின்படியே எழுதப்பட்டிருந்தால் இக்கேள்வி எழுவதில்லை. ஆசிரியர் பின்னாளில் தம் கதைக்கு ஒரு முன்கதையை எழுதும்போது, நூல் வெளிவந்த காலமும் கதை நிகழும் காலமும் வேறுபட்டு விடுகின்றன. அப்போது எதிலிருந்து தொடங்குவது என்பதை வாசகரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. அறிவியல் புனைவில் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது ஐசாக் அசிமோவின் ஃபவுண்டேசன் தொடர். தமிழில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கல்கியின் பல்லவர் காலப் புதினங்கள் ஆகும்.

இருவகை வரிசைகள்

வாசிப்பு வரிசைகளை முதன்மையாக இரண்டாகப் பகுக்கலாம்.

1. வெளியீட்டு வரிசை: நூல்கள் வெளிவந்த ஆண்டுகளின்படி படித்தல். ஆசிரியரின் எண்ணமும் நடையும் வளர்ந்த விதத்தை இதில் காணலாம். முதல் நூல் எதையும் முன்னரே அறியாத வாசகருக்காக எழுதப்பட்டது என்பதால் தொடக்கம் எளிதாக இருக்கும்.

2. கதைக்கால வரிசை: கதையில் நிகழ்வுகள் நடக்கும் ஒழுங்கின்படி படித்தல். காரணம் முன்னும் விளைவு பின்னுமாகக் கதை தொடர்ச்சியாக அமையும். ஆனால் முன்கதைகள் பெரும்பாலும் மூலக்கதையை அறிந்தவர்களுக்காக எழுதப்படுபவை. ஆகவே மூலக்கதையில் ஆசிரியர் மறைத்து வைத்த செய்திகள் இவ்வரிசையில் முன்கூட்டியே வெளிப்படலாம்.

ஒரு கதையை அறியாதவராக முதன்முறை படிக்கும் வாய்ப்பு ஒரு வாசகருக்கு ஒருமுறையே கிடைக்கிறது. வாசிப்பு வரிசை குறித்து வாசகர்கள் மிகுந்த ஈடுபாட்டுடன் வாதிடுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஜீனோ புதினங்கள்

தமிழ் அறிவியல் புனைவில் பரவலாக அறியப்பட்ட இணைப் புதினங்கள் எழுத்தாளர் சுஜாதாவின் (1935 - 2008) 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகியவை. இவ்விரண்டும் 1980களில் ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளிவந்தன. கதை 2021ஆம் ஆண்டையொட்டிய எதிர்கால இந்தியாவில் நிகழ்கிறது. குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவைப் பெற வேண்டிய சர்வாதிகார ஆட்சியில், காணாமற்போன தன் கணவனைத் தேடும் நிலா என்னும் பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் இதன் முதன்மைப் பாத்திரங்கள்.

இவ்விரு நூல்களிலும் வெளியீட்டு வரிசையும் கதைக்கால வரிசையும் ஒன்றே. இரண்டாம் நூல் முதல் நூலின் முடிவிலிருந்தே தொடங்குகிறது. முதல் நூலின் இறுதியில் வரும் திருப்பத்தை அறியாமல் இரண்டாம் நூலைப் புரிந்துகொள்வது கடினம். இரண்டாம் நூலை முதலில் படித்தவருக்கோ அத்திருப்பம் திருப்பமாகவே இராது. எனவே இங்கு மாற்று வரிசைக்கு இடமில்லை.

சுஜாதாவின் கணேஷ் - வசந்த் கதைகள் இதற்கு நேர்மாறானவை. வழக்குரைஞர் கணேஷ் 'நைலான் கயிறு' (1968) முதலான தொடக்கக் கதைகளில் வசந்த் இன்றியே வருகிறார். வசந்த் பின்னர் இணைந்தார். ஒவ்வொரு கதையும் தன்னளவில் முடிவதால் அவற்றை எந்த ஒழுங்கிலும் படிக்கலாம். பாத்திரங்கள் தொடர்வது வேறு, கதை தொடர்வது வேறு என்பதை இவை காட்டுகின்றன.

ஃபவுண்டேசன் தொடர்

அசிமோவின் ஃபவுண்டேசன் கதைகள் 1942 முதல் 1950 வரை 'அஸ்டவுண்டிங்' என்னும் அமெரிக்க இதழில் வெளியாயின. பின்னர் அவை மூன்று நூல்களாகத் தொகுக்கப்பட்டன. ஹாரி செல்டன் என்னும் கணிதவியலாளர் 'உளவரலாறு' என்னும் கற்பனை அறிவியலைக் கொண்டு விண்மீன் பேரரசின் வீழ்ச்சியை முன்னறிகிறார். அதன் பின் வரவுள்ள 30,000 ஆண்டு இருண்ட காலத்தை 1,000 ஆண்டுகளாகக் குறைக்க அவர் வகுக்கும் திட்டமே தொடரின் அடிப்படை. இம்முத்தொகுதி 1966இல் எக்காலத்துக்குமான சிறந்த தொடருக்கான ஹியூகோ விருதைப் பெற்றது.

மூன்றாம் நூல் வெளிவந்து 29 ஆண்டுகள் கழித்து அசிமோவ் இத்தொடருக்குத் திரும்பினார். முதலில் இரண்டு பின்கதைகளையும், அதன்பின் செல்டனின் வாழ்வைக் கூறும் இரண்டு முன்கதைகளையும் எழுதினார். வெளியீட்டு வரிசை வருமாறு:

1. ஃபவுண்டேசன் (1951)
2. ஃபவுண்டேசன் அண்ட் எம்பயர் (1952)
3. செகண்ட் ஃபவுண்டேசன் (1953)
4. ஃபவுண்டேசன்ஸ் எட்ஜ் (1982)
5. ஃபவுண்டேசன் அண்ட் எர்த் (1986)
6. பிரிலூட் டு ஃபவுண்டேசன் (1988)
7. ஃபார்வர்ட் த ஃபவுண்டேசன் (1993)

கதைக்கால வரிசையில் இறுதி இரண்டு நூல்களும் முதலில் வரும். 1980களில் அசிமோவ் தம் எந்திரன் புதினங்களையும் பேரரசுப் புதினங்களையும் இத்தொடருடன் இணைத்தமையால் சிக்கல் மேலும் கூடிற்று. 'பிரிலூட் டு ஃபவுண்டேசன்' நூலின் முன்குறிப்பில் அவரே 14 நூல்களைக் கதைக்கால வரிசையில் பட்டியலிட்டார். எழுதப்பட்ட ஒழுங்கு படிக்கப்பட வேண்டிய ஒழுங்காக இல்லாமல் இருக்கலாம் என்றும் அங்கு குறிப்பிட்டுள்ளார். கதைக்கால வரிசையை ஆதரிப்போர் இதனைச் சான்றாகக் காட்டுவர்.

எனினும் வெளியீட்டு வரிசைக்கு வலுவான காரணங்கள் உள்ளன. இரண்டாம் ஃபவுண்டேசன் எங்குள்ளது என்பது மூன்றாம் நூலின் மையப் புதிர். செல்டனின் இறுதிக் காலத்தைக் கூறும் முன்கதையை முதலில் படிப்பவருக்கு இப்புதிரின் சுவை குறைந்துவிடும். முதல் நூலில் செல்டன் சில பக்கங்களே தோன்றி, பின்னர் பதிவு செய்யப்பட்ட உருவமாக மட்டுமே வருகிறார். அவரைச் சூழ்ந்த அந்தப் பெருமைக்கு, அவரை அதிகம் அறியாமலிருப்பதே காரணம். முன்கதைகளில் அவர் ஐயங்களும் அச்சங்களும் கொண்ட மனிதராகக் காட்டப்படுகிறார். பெயரளவில் அறிந்த ஒருவரைப் பின்னர் நெருங்கி அறிவதே முன்கதைகள் தரும் பயன் ஆகும்.

2021இல் தொடங்கிய இத்தொடரின் தொலைக்காட்சி வடிவம், முன்கதைகளில் வரும் பாத்திரங்களையும் முதல் நூலின் நிகழ்வுகளையும் ஒன்றாகக் கலந்து அமைத்துள்ளது. அதைப் பார்த்தபின் நூல்களுக்கு வருவோர் பெரும் வேறுபாடுகளைக் காண்பர்.

கல்கியின் பல்லவர் காலப் புதினங்கள்

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தியின் 'பார்த்திபன் கனவு' 1941 முதல் 1943 வரையும், 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரையும் கல்கி இதழில் தொடராக வெளிவந்தன. இரண்டிலும் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவர் வருகிறார். முந்தியதில் அவர் வளர்ந்த மகளையுடைய பேரரசர். பிந்தியதில் அவர் இளவரசராக அறிமுகமாகிறார். அதாவது கல்கியும் அசிமோவைப் போன்றே முன்கதையைப் பின்னர் எழுதியுள்ளார்.

இங்கு ஒவ்வொரு வரிசையும் ஒரு மறைபொருளைக் காத்து மற்றொன்றை வெளிப்படுத்துகிறது.

'சிவகாமியின் சபதம்' நூலை முதலில் படிப்பவர், பல்லவ மன்னர் மாறுவேடம் பூண்டு உலவும் வழக்கத்தை மகேந்திரவர்மர் வாயிலாக நன்கு அறிந்துவிடுகிறார். ஆகவே 'பார்த்திபன் கனவு' நூலில் வரும் சிவனடியார் யார் என்பதை அவர் விரைவில் ஊகித்துவிடக்கூடும். அந்நூலின் கதைப் பின்னல் பெரிதும் இந்த மறைபொருளையே சார்ந்துள்ளது.

'பார்த்திபன் கனவு' நூலை முதலில் படிப்பவருக்கு அவ்வியப்பு குறைவின்றிக் கிடைக்கும். ஆனால் நரசிம்மவர்மரைக் குந்தவியின் தந்தையாக முன்னரே அறிந்திருப்பதால், ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியின் காதல் எவ்வாறு முடியும் என்பதை அவர் ஓரளவு உணர்ந்தே அடுத்த நூலைத் தொடங்குவார். வாதாபி வீழ்ந்தது என்பது வரலாற்றில் பதிவான செய்தி என்பதால் போரின் முடிவு எவ்வரிசையிலும் மறைபொருள் அன்று. சிவகாமியின் துயரம் முடிவை அறிந்தவரையும் வருத்தும் தன்மையது. மாறுவேடப் புதிரோ விடை தெரிந்தபின் புதிராக நீடிப்பதில்லை. இவ்வகையில் வெளியீட்டு வரிசையில் இழப்பு குறைவு எனலாம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950 - 1954) பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்தில் நிகழ்வது. மேற்கண்ட இரு நூல்களுடன் அதற்குக் கதைத் தொடர்ச்சி இல்லை. எனவே அதனைத் தனியே படிக்கலாம். அதன் ஐந்து பாகங்களை மட்டும் வரிசை மாறாமல் படிப்பது இன்றியமையாதது.

பதிப்பாளரின் பங்கு

நூலின் முதுகில் அச்சிடப்படும் எண்ணும் வாசிப்பு வரிசையைத் தீர்மானிக்கிறது. சி. எஸ். லூயிசின் நார்னியா நூல்கள் முதலில் வெளியீட்டு வரிசையில் எண்ணிடப்பட்டு வந்தன. 1994 முதல் ஆர்ப்பர்காலின்சு பதிப்புகள் கதைக்கால வரிசையில் எண்ணிடப்பட்டன. இதனால் 1955இல் ஆறாவதாக வெளிவந்த நூல் முதல் நூலாயிற்று. கல்கியின் நூல்களைப் பல பதிப்பகங்கள் தனித்தனியே வெளியிடுவதால், இரு பல்லவர் காலப் புதினங்களையும் இணைக்கும் எண் வாசகருக்குக் கிடைப்பதில்லை. நூலகத்தில் எது முதலில் கையில் கிட்டுகிறதோ அதுவே பலருக்கு முதல் நூலாகிறது.

வரிசையைத் தெரிவு செய்தல்

ஒரு தொடரைப் புதிதாகத் தொடங்குவோர் பின்வருவனவற்றைக் கருதலாம்.

- எந்த நூல் முன்னறிவு எதையும் வேண்டாமல் எழுதப்பட்டது?
- ஒரு நூலின் சுவை எந்த மறைபொருளைச் சார்ந்துள்ளது? அதனை வெளிப்படுத்தும் நூலைப் பின்னுக்குத் தள்ளுவது நன்று.
- தொடர் முழுவதையும் படிக்கும் எண்ணம் உண்டா? இல்லையெனில் தனித்து நிற்கக்கூடிய நூல்களே போதுமானவை. ஃபவுண்டேசன் தொடரில் முதல் மூன்று நூல்கள் அத்தகையவை.

இவற்றின்படி, முதல் வாசிப்புக்கு வெளியீட்டு வரிசையும் மறுவாசிப்புக்குக் கதைக்கால வரிசையும் பொருந்தும். மறைபொருள்கள் அனைத்தும் தெரிந்தபின் படிக்கையில், ஆசிரியர் அவற்றை எங்கெங்கு குறிப்பாக உணர்த்திச் சென்றார் என்பதைக் காண இயலும்.