ஆள் போனால் பேச்சும் போச்சு!

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் மேசையைக் காலை பத்து மணிக்குப் பார்த்தால் போதும். எதிரே கம்ப்யூட்டர், அதில் மெயில் திறந்தபடி இருக்கும். ஆனால் வேலை நடப்பதென்னவோ கையில் இருக்கும் போனில்தான். சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப், அதாவது சாய மாதிரியின் படம் வந்து விழுகிறது. ஒரே நீலத்தில் ஏ, பி, சி என்று மூன்று துணித்துண்டுகள், லைட் பாக்ஸுக்குள் வைத்து எடுத்த படம். அதை அப்படியே பையரின் ஏஜென்ட் இருக்கும் குழுவுக்குத் தள்ளிவிடுகிறார். அரை மணி நேரத்தில் பதில் வருகிறது: “பி ஓகே. கொஞ்சம் டல்லா இருக்கு, பல்க்ல பார்த்துக்கங்க.” கீழே ஒரு கட்டைவிரல். 8,000 சட்டைக்கான துணி சாயத்துக்குப் போய்விடுகிறது.

அந்த ஒற்றை வரிதான் இந்த ஆர்டரின் ஒப்புதல். கூரியரில் ஒரிஜினல் துணித்துண்டு அனுப்பி, கையெழுத்தோடு திரும்பி வரும்வரை காத்திருக்க ஷிப்மென்ட் தேதி விடாது. பட்டன் மாற்றம், லேபிள் இடம், தயாரிப்புக்கு முந்தைய பிபி சாம்பிளில் கழுத்து அளவு கால் இன்ச் குறைத்தது, பாலி பேக் தடிமன் என்று ஓர் ஆர்டரின் ஜாதகமே அந்தக் குழுவில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், வியாபாரத்தின் பெரும்பகுதி இப்படிக் கட்டைவிரலில் நகர்கிறது.

இப்போது அந்த மெர்ச்சண்டைசர் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனி 4,000 ரூபாய் கூடத் தருகிறது. போன் அவருடையது, சிம் அவருடையது. குழுவிலிருந்து வெளியேறுகிறார். புதிதாக வந்தவர் அதே குழுவில் சேர்க்கப்படுகிறார். அவர் திரையில் பழைய பேச்சு முழுதாக இல்லை. மூன்று மாதம் கழித்து, ஷேடு சரியில்லை என்று சொல்லி, பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வருகிறது. “பி ஓகே என்று சொன்னது யார், என்றைக்கு?” என்று முதலாளி கேட்கிறார். பதில் இரண்டு தெரு தள்ளி, வேறொரு கம்பெனி ஊழியரின் கைப்பையில் இருக்கிறது.

அலுவலகத்துக்கு எந்தச் செயலி நல்லது என்ற கேள்வி இன்று எல்லா ஊர்களிலும் எழுகிறது. வீடியோ கால் தெளிவாக இருக்கிறதா, எத்தனை பேரைச் சேர்க்கலாம், ஸ்டிக்கர் உண்டா, ஆளுக்கு மாதம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு கேள்விதான் மேலே சொன்ன டெபிட் நோட்டில் இருக்கிறது. பேசியது எங்கே தங்குகிறது? ஆள் போனபின் அது யாரிடம் இருக்கும்?

எல்லோருக்கும் தெரிந்த பச்சைக் குழு

வாட்ஸ்அப் ஜெயித்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சாயப்பட்டறை மாஸ்டர், காஜா பட்டன் யூனிட்காரர், லாரி டிரைவர், தூத்துக்குடியில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் என அத்தனை பேரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், 2 ஜிபி வரை ஃபைல் அனுப்பலாம். செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி பூட்டப்பட்டிருக்கின்றன.

அந்தப் பூட்டுதான் அலுவலகத்துக்கு வினையாகவும் அமைகிறது. பேச்சின் பிரதி கம்பெனியின் கையில் கிடையாது. அந்தந்த ஆளின் போனிலும், அவர் எடுத்து வைத்த பேக்கப்பிலும் மட்டுமே இருக்கிறது. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஏறக்குறைய இரண்டரை நாளுக்குள் எல்லோர் போனிலிருந்தும் அழித்துவிடலாம். குழு அட்மினாக இருப்பவர் பிறர் போட்ட செய்தியையும் அழிக்கலாம். போனில் இடம் பிடிக்கிறது என்று யாராவது மறையும் செய்தி வசதியைப் போட்டுவிட்டால், அதன்பின் வரும் செய்தியெல்லாம் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ தானாகக் காணாமல் போகும். ஓர் ஏற்றுமதி ஆர்டர் லேப் டிப்பில் தொடங்கி பணம் வந்து சேர்வதற்குள் 90 நாள் சர்வசாதாரணமாகக் கடந்துவிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் வாட்ஸ்அப் திறந்திருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். முதன்மைப் போனை 14 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அந்தக் கம்ப்யூட்டர் இணைப்பும் தானாக அறுந்துவிடும். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறோம் என்பார்கள் வேறு சிலர். வந்து சேர்வது சாதாரண எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்து ‘பி’ இருந்த இடத்தில் ‘சி’ என்று மாற்ற ஒரு விநாடி போதும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அது தெரியும்.

சிம் விஷயம் இன்னும் மோசம். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தர தொலைபேசி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. பழைய மேனேஜரின் எண் இன்னும் நாலு குழுவில் கிடக்க, அந்த எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேர்வதை யாரும் கவனிப்பதில்லை.

டெலிகிராமில் பேச்சு அந்தச் செயலியின் சொந்த சர்வரிலேயே தங்குகிறது. குழு அமைப்பைச் சரியாக வைத்தால் புதிதாகச் சேர்பவரும் முதல் நாள் பேச்சிலிருந்து படிக்கலாம். அந்த வகையில் ஒரு படி மேல். ஆனால் குழுக்களுக்கு முழுப் பூட்டு கிடையாது, கணக்கோ அங்கேயும் ஊழியரின் சொந்த எண்ணில்தான். தமிழ்நாட்டில் பிறந்து 2021-ல் வந்து, 2025 செப்டம்பரில் திடீரென நாடெங்கும் பேசப்பட்ட அரட்டை செயலியும் தனிமனிதர்களின் எண்ணை வைத்து இயங்குவதே. கைமாறிப்போகும் இந்தச் சிக்கல் அதற்கும் பொருந்தும்.

காசு கொடுத்தால் நினைவு தங்குமா?

அலுவலகத்துக்கென்றே செய்த செயலிகளில் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஆள் போனால் கணக்கை மூடலாம், சேனல் என்ற பொதுக் குழுவில் பேசியது அப்படியே இருக்கும், அடுத்தவர் வந்து தேடிப் படிக்கலாம். 2014-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக் இந்தத் தேடும் வசதியால்தான் பெயர் வாங்கியது. ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்த குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய கருவி அது. விளையாட்டு 2012-ல் மூடப்பட்டது, கருவி பிழைத்தது.

ஆனால் சின்ன கம்பெனிகள் இலவசத் திட்டத்தில்தான் நுழைகின்றன. ஸ்லாக் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் பேச்சு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் முதல், ஓராண்டுக்கு மேற்பட்டதை அழித்தும் விடுகிறார்கள். நிபந்தனையில் இது வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துபவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

டீம்ஸ் வைத்திருக்கும் அலுவலகங்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் வேறு. சேனலில் போடும் ஃபைல், குழுவின் பொது இடமான ஷேர்பாயின்ட்டில் போய் உட்காரும். அதே ஃபைலைத் தனி சாட்டில் அனுப்பினால், அனுப்பியவரின் சொந்த ஒன்டிரைவில் தங்கும். அவர் வேலையை விட்டதும் ஐடி ஆள் அந்தக் கணக்கை நீக்குகிறார். அமைப்பை யாரும் மாற்றி வைக்கவில்லை என்றால் அந்த ஒன்டிரைவ் 30 நாள்தான் பத்திரமாக இருக்கும். அளவுப் பட்டியலை ‘சும்மா சாட்ல போடுங்க’ என்று கேட்டு வாங்கியவர்களுக்கு, இரண்டாவது மாதம் அந்த லிங்க் திறக்காது. கூகுள் சாட்டில் ஹிஸ்டரி என்ற சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிட்டுப் பேசினால் 24 மணி நேரத்தில் பேச்சு நீங்கிவிடும்.

சென்னையை மையமாகக் கொண்ட ஜோஹோவின் கிளிக் 2017-லிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறு நிறுவனங்கள் பல, கணக்குப் புத்தகத்துக்கு அதே நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருப்பதால் கிளிக்கையும் கூடவே சேர்த்துக்கொள்வது எளிது. ஜூலிப் என்ற திறந்தமூல செயலி வேறு வழியைப் பிடிக்கிறது. சேனலில் போடும் பேச்சு ஒவ்வொன்றும் ஒரு தலைப்பின்கீழ் நிற்கும். ஸ்டைல் நம்பரையே தலைப்பாக வைத்தால், ஓர் ஆர்டரைப் பற்றிப் பேசியதெல்லாம் ஒரே இழையில் கிடைக்கும். ஏற்றுமதி வேலைக்கு இது அச்சாகப் பொருந்தும். ஜூலிப்பையும், மேட்டர்மோஸ்ட் என்ற செயலியையும் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். சர்வரைப் பார்த்துக்கொள்ளவும் தவறாமல் பேக்கப் எடுக்கவும் தெரிந்த ஒருவர் மட்டும் வேண்டும்.

சிக்கல் ஒன்றுதான். இவை எதிலும் சாயப்பட்டறை மாஸ்டர் இல்லை. ஆபீஸுக்குள் ஆயிரம் விதி போட்டாலும் வெளியாள் வாட்ஸ்அப்பில்தான் படம் அனுப்புவார். ஆகவே முடிவு எந்தச் செயலியில் நடந்தாலும், அது பதிவாகும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

அபராதமாக வந்த பாடம்

அமெரிக்காவில் இந்தப் பாடத்துக்குக் கட்டணம் வசூலித்துவிட்டார்கள். வால் ஸ்ட்ரீட்டில் வியாபாரப் பேச்சைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். ஊழியர்கள் சொந்தப் போனில் பேசிக்கொண்டார்கள், நிறுவனங்களிடம் பதிவு இல்லை. 2022 செப்டம்பரில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 16 நிறுவனங்களுக்குச் சேர்த்து விதித்த அபராதம் 110 கோடி டாலருக்கு மேல். அவர்கள் பேசியதில் தப்பு இருந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. பேசியது கைவசம் இல்லை என்பதே குற்றம்.

ஸ்காட்லாந்து அரசு, அலுவலகப் போன்களில் வாட்ஸ்அப்பையே நிறுத்துவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. கொரோனாக் காலத்தில் எடுத்த முடிவுகளைப் பற்றிய விசாரணையில், அழிந்துபோன செய்திகள் பெரிய விவகாரமானதன் தொடர்ச்சி அது. பிரான்ஸ் அரசு ஊழியர்களுக்கு 2019-லிருந்து சாப் என்ற சொந்தச் செயலி உண்டு. இந்திய அரசும் தேசியத் தகவலியல் மையத்தின் மூலம் சந்தேஸ் என்ற செயலியை வைத்திருக்கிறது.

நம் நீதிமன்றங்களில் சாட் செய்தி சாட்சியாக நிற்கும், ஆனால் சும்மா நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். எந்தச் சாதனத்திலிருந்து எடுக்கப்பட்டது, மின்னணுக் கைரேகை போன்ற அதன் ஹாஷ் மதிப்பு என்ன என்று எழுதித் தர வேண்டும். தாக்கல் செய்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். செய்தி இருந்த போனே வேறு ஊருக்குப் போய்விட்ட நிலையில், வெறும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தை நிரப்புவது பெரும்பாடு.

முதலாளி பக்கம் மட்டும் நின்று இதைப் பார்ப்பது நியாயமாகாது. கடைசி நாளன்று, வேலையை விடும் பெண்ணிடம் “போனைக் கொடும்மா, அந்தக் குரூப்பை எல்லாம் பார்க்கணும்” என்று கேட்டால், அந்தப் போனில் அவள் குழந்தையின் படம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, டாக்டர் சீட்டு இருக்கிறது. கேட்பதே தவறு. கேட்க வேண்டிய நிலையை உண்டாக்கியதோ, சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து அலுவலகப் போன் வாங்கித் தராத நிர்வாகம். இன்னொரு பக்கம், கம்பெனி செயலி உள்ள இடத்தில் ராஜினாமா செய்த அதே நிமிடம் ஊழியரின் கணக்கு மூடப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்ன செய்தி, ஓவர்டைம் தருகிறேன் என்ற வாக்குறுதி, விடுப்புக்குக் கொடுத்த அனுமதி என அவருக்கு ஆதாரமான எல்லாமே கதவுக்கு அந்தப்புறம் மாட்டிக்கொள்கின்றன. நிர்வாகத்துக்கு நடந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். தொழிலாளிக்கு நடந்தால் நிலுவைச் சம்பளமே போகும்.

எல்லாவற்றையும் சேமித்து வைத்தால் அது ஊழியரை வேவு பார்ப்பதாகிவிடும் என்ற வாதமும் இருக்கிறது. வேலை நேரத்துக்குப்பின் வரும் செய்திக்குப் பதில் தராதிருக்கும் உரிமையை ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததைச் சுட்டி, ஓயாமல் வரும் அந்தச் செய்திகளே முதல் பிரச்சினை என்பவர்களும் உண்டு. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனாலும் ஆர்டர் பேச்சும் சொந்தப் பேச்சும் ஒரே போனில் கலந்து கிடக்கும்வரை இந்த இரண்டுக்கும்கூட வழி பிறக்காது.

நம்பியிருக்கும் செயலியே ஒருநாள் மூடப்படலாம் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டு பையர்களோடு பல காலம் பேசப் பயன்பட்ட ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. உலகின் பெரிய நிறுவனங்கள் பல பயன்படுத்திய வொர்க்பிளேஸ் என்ற அலுவலகச் செயலி, 2025 செப்டம்பர் முதல் படிக்க மட்டுமே என்றானது. செயலியை விற்க வருபவரிடம், மூடினால் எங்கள் பேச்சு எந்த வடிவில் கைக்கு வரும் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

அதிகச் செலவில்லாத சில காரியங்களை நாளைக்கே தொடங்கலாம். மெர்ச்சண்டைசருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் கம்பெனி பெயரில் சிம் வாங்கித் தரலாம். குழுக்களில் கம்பெனி எண் ஒன்று எப்போதும் அட்மினாக இருக்கட்டும். குழுவுக்கு ஸ்டைல் நம்பரையே பெயராக வைக்கட்டும். சாட்டில் கிடைத்த ஒப்புதல் ஒவ்வொன்றையும் மெர்ச்சண்டைசர் அன்று மாலைக்குள் ‘இன்று லேப் டிப் பி உறுதி செய்தீர்கள், அதன்படி பல்க் தொடங்குகிறோம்’ என்று ஒரே வரியில் பையருக்கு மெயில் அனுப்பிவிடட்டும்.

வேலையை விடுபவரிடம் ஐடி கார்டு, லேப்டாப், சார்ஜர், சாம்பிள் ரூம் சாவி என்று வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லும் படிவம் எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. அதில் இரண்டு வரி கூட்ட வேண்டும். ஆர்டர் குழுக்களின் பேச்சும் ஃபைல்களும் கம்பெனி கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டன என்பது ஒன்று. தன் சம்பளம், ஓவர்டைம், விடுப்பு பற்றிய செய்திகளின் நகலை ஊழியர் பெற்றுக்கொண்டார் என்பது இரண்டாவது. இரண்டு வரியிலும் இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் கணக்கை மூட வேண்டும்.